டோலுக்கு டோல்

கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. அந்தக் குடை நெழலு எனக்கும் ஒரு கை அளவு கெடைச்சாப் போதும். வெள்ளரிக்கா வேண்டாம். சரி, ஒண்ணு குடு, சும்மா வந்து உக்காந்தா உனக்கும் நல்லா இருக்காது. மொளகாப்பொடி தூவாத, எனக்கு அல்சர். நீ என்னைய நாலு வாரமாப் பாக்க, எனக்குத் தெரியும். யாரு இந்தப் பொம்பள, திங்கக்கெழம ஆனா கயத்தாறு டோல்கேட்டுல வந்து எறங்குதா, கால் மணி நேரம் நிக்கா, திரும்ப பஸ் ஏறிப் போயிருதான்னு நெனைச்சிருப்ப. போன வாரம் அந்த யூனிபாரம் போட்ட பையன்கூட வந்து, ‘ஏதும் கம்ப்ளெயிண்டாம்மா’ன்னு கேட்டான். கம்ப்ளெயிண்டுதான், ஆனா உங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

எனக்குப் பைத்தியம் எல்லாம் இல்ல. எம் மகன் இந்த வழியா மதுரைக்குப் போவான். அவன் காரு இந்த கேட்டைத் தாண்டுததக் கண்ணால ஒரு தரம் பாத்துட்டேன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன். எட்டு அம்பத்தஞ்சுக்குத் தாண்டணும். இப்பம் மணி என்ன? என் போன்ல ஒம்பது பத்துன்னு காட்டுது. உன் போன்லயும் அதானா?

பதினஞ்சு நிமிஷம் லேட்டு தாயி. பதினஞ்சு நிமிஷம்னா சாதாரணம் இல்ல. ஏழு தடவ போன் போட்டுட்டேன், மணி முழுசா அடிச்சு அடிச்சு நிக்கி, எடுக்க மாட்டேங்கான். என் கையத் தொட்டுப் பாரு. இந்த வெயிலுக்குள்ள எப்படிக் குளுந்து கெடக்குன்னு பாரு. பேசிக்கிட்டே இருந்தாத்தான் எனக்கு உசுரு நிக்கும். நீ பதில் ஒண்ணும் சொல்ல வேண்டாம், கேட்டுக்கிட்டு இரு. பஸ் வந்தாப் போய் வித்துட்டு வா, கூடைய நான் பாத்துக்கிடுதேன்.

பேரு ஜெயகணேஷ். ஆஸ்பத்திரியில இருக்குல்லா ஸ்கேன் மெஷினு, அது கெட்டுப் போச்சுன்னா சரி பண்ணுத வேலை. திங்களும் வியாழனும் மதுரை. தச்சநல்லூர்ல வீடு, எட்டரைக்கு எடுப்பான். வியாழக்கெழம எனக்கு வர முடியாது, அன்னைக்கு எங்க வீட்டுக்காரருக்கு சுகர் பாக்கக் கூட்டிட்டுப் போணும். வியாழக்கெழம நான் படுத பாடு அந்த ஆஸ்பத்திரி நர்சுக்குத்தான் தெரியும். அவியளுக்கு ரத்தம் எடுக்காவளா, எனக்கு எடுக்காவளான்னு தெரியாம நான் வேர்த்துக்கிட்டு நிப்பேன்.

அவிய ரயில்வேயில கேட்டு கீப்பர். கடம்பூருக்கு இந்தப் பக்கம் காட்டுக்குள்ள ஒரு கேட்டு. இருவத்திரெண்டு வருஷம் அந்த கேட்டு வீட்டுலதான் நான் குடும்பம் நடத்துனேன். அதுனால எனக்குச் சில வெவரம் தெரியும், மத்த பொம்பளையள மாதிரி இல்ல. ஸ்டேஷன் மாஸ்டரு போன் பண்ணுவாரு, இன்ன வண்டி விட்டாச்சு, கேட்டைச் சாத்துன்னு. ஒரு நம்பர் சொல்லுவாரு, அத நோட்டுல எழுதிக்கிடணும். வண்டி தாண்டும். அடுத்த ஸ்டேஷன்ல போய்ச் சேந்துட்டுன்னு சேதி வாற வரைக்கும் பின்னால இன்னொரு வண்டிய விட மாட்டாவ. இங்கேருந்து அங்க போக இத்தனை நிமிஷம்னு இருக்கு. ரெண்டு நிமிஷம் கூடிப் போச்சுன்னா ஸ்டேஷன்ல இருக்கவன் எல்லாம் எந்திரிச்சு நின்னுருவான். அப்படி ஒரு ஒழுங்கு. இந்த ரோட்டுல என்ன இருக்கு, சொல்லு? எவன் எப்பம் வாறான், எப்பம் போறான்னு எவனுக்குத் தெரியும்?

அந்த கேட்டுலதான் நான் அதையும் பாத்தேன். சாத்துன கேட்டுக்கு அடியில பைக்கச் சாச்சு நுழைச்சான் ஒருத்தன். மத்தியானம் ரெண்டு மணி. அவிய அந்தப் பக்கம் கொடியோட நிக்காவ. நான் இந்தப் பக்கம் பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்தேன். ‘வேண்டாம்யா, வேண்டாம்யா’ன்னு கத்துதேன். ‘ரெண்டு செகண்டுதான்க்கா’ன்னு சிரிச்சான். சின்ன வயசு. சிரிச்ச வாய் மூடல தாயி. அந்த சத்தம் இருக்குல்லா, அது பெருசாக்கூட இல்ல. பாத்திரம் கீழ விழுந்த மாதிரிதான் இருந்துச்சு. பொறவு நான் எட்டு நாள் சோறு திங்கல. அப்பம் ஜெயகணேஷுக்கு மூணு வயசு, இடுப்புல வச்சுக்கிட்டு ராத்திரி பகல்னு இல்லாம நடந்துக்கிட்டே இருந்தேன். இவன் இப்படிப் போயிரக் கூடாது, இவன் இப்படிப் போயிரக் கூடாதுன்னு, அதே நெனைப்பு. அந்த நெனைப்பு இன்னும் போவல.

பஸ் வந்துட்டு பாரு, போ. போய்ட்டு வா.

...வித்துட்டியா? மூணுதானா? வெயில் ஏறட்டும், ஓடும். நீ போன பொறவு ரெண்டு தடவ போட்டேன். எடுக்கல. மணி ஒம்பது பதினாறு.

எங்க விட்டேன்? ஆமா, காரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால காரு வாங்குனான். கண்ணாடியில ஸ்டிக்கர் ஒட்டுதாவல்லா, ஃபாஸ்டேக்கு, அதுக்கு ஒரு போன் நம்பர் கேட்டான் அந்த ஷோரூம் பையன். ஜெயகணேஷ் நம்பருக்கு ஓடிபி வரல, ரெண்டு தடவ பாத்தாச்சு. அம்மா நம்பரைப் போடுங்கன்னு சொல்லிட்டான். சாமி குடுத்த வரம்னு அன்னைக்குத் தெரியாது எனக்கு. மொத நாள் அவன் மதுரைக்குக் கெளம்பிப் போறான், நான் அடுப்படியில நிக்கேன், போன் ‘டிங்’குங்கு. பாத்தா கயத்தாறு டோல் தாண்டியாச்சுன்னு மெசேஜ். கொஞ்ச நேரம் கழிச்சு சாத்தூர் டோல். ‘டிங்’. பொறவு திருமங்கலம். ‘டிங்’. ஐயோ தாயி, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. அப்படியே ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சேதி சொல்லுத மாதிரியே இருந்துச்சு!

அன்னைக்கே நான் அவிய பழைய ரயில்வே டைரிய எடுத்து எழுதி வச்சுட்டேன். கயத்தாறுலருந்து சாத்தூர் இருவத்தெட்டு நிமிஷம். சாத்தூர்லருந்து திருமங்கலம் முப்பத்திமூணு. அன்னைக்கு ஞாயித்துக்கெழம, வேலைக்கு இல்ல, சும்மா போனது, ரோடு காலி, புது வண்டி, ஆசையா ஓட்டிட்டுப் போனான். அதையே டைம்டேபிளா வச்சுக்கிட்டேன். அவன்கிட்டயும் சொல்லிட்டேன். ‘ஐயா, இருவத்தெட்டு நிமிஷம்னா இருவத்தெட்டு. அதுக்குள்ள எனக்கு டிங்குன்னு வந்துட்டா நான் உன்னைய ஒரு தொந்தரவும் பண்ண மாட்டேன். வரலேன்னா போன் பண்ணுவேன், நீ எடுக்கணும். எடுக்கலேன்னா நான் செத்துருவேன்.’ சிரிச்சான். ‘சரிம்மா, நான் என்ன நெல்லை எக்ஸ்பிரஸா’ன்னு கேட்டான்.

மொத மாசம் அடிக்கடி லேட் ஆகும். கோவில்பட்டியில கூட்டம், எட்டையாபுரம் வெலக்குல லாரி கவுந்து கெடக்கு, டீ குடிக்க நின்னேன், இப்படி. நான் உடனே போனைப் போட்டுருவேன். எடுத்து, ‘ஓட்டிக்கிட்டு இருக்கேம்மா’ன்னு சொல்லுவான். ‘எங்க இருக்க, என்ன ஊரு போர்டு தெரியுது, அதச் சொல்லு’ன்னு கேப்பேன். போர்டைப் பாத்துச் சொல்லுவான். அழுவேன், வைவேன். அவ்வளவுதான் தாயி, ரெண்டே மாசம். பொறவு ஒரு நாள்கூட லேட் ஆகல. மழை பெஞ்சாலும் சரி, கூட்டம் இருந்தாலும் சரி, சாத்தூர் டிங்கு இருவத்தெட்டு நிமிஷத்துக்குள்ள வந்துரும். ஒரு நாள் இருவத்தி நாலுலயே வந்துட்டு! அன்னைக்கு மத்தியானம் நான் நிம்மதியாத் தூங்குனேன். புள்ளையள அதட்டிப் பழக்குனா எல்லாம் ஒழுங்குக்கு வரும், யாரும் பழக்க மாட்டேங்காவ.

ஆனா பாரு, இந்த வேகப் பழக்கம் மட்டும் அவன்கிட்ட எங்கேருந்து வந்துச்சுன்னே எனக்குத் தெரியல. சின்னதுல அப்படி இல்ல. சைக்கிள்ல போனாக்கூட ஓரமா, மணி அடிச்சு அடிச்சுப் போற பய. எங்க தெருவுல ஒரு வாத்தியாரு, செல்லப்பா சார்னு, அவரு ஒரு நாள் வந்து சொல்லுதாரு. ‘உங்க மகன் கோவில்பட்டி பாலத்துல லாரிக்கு இடது பக்கமாப் போயி முந்துதான். பின்னாலருந்து லைட்டைப் போட்டுப் போட்டு வெலகச் சொல்லுதான். நான் ஒதுங்கலேன்னா என் வண்டியத் தட்டியிருப்பான். கண்டிச்சு வைங்க.’ அன்னைக்கு அவனுக்கு ஒரு கச்சேரி நடத்துனேன் பாரு, அடுத்த வீட்டுல டிவிய அணைச்சுட்டுக் கேட்டாவ. தலையக் குனிஞ்சுக்கிட்டே இருந்தான். ‘இல்லம்மா, நேரம் ஆயிருச்சுன்னு’ அப்படின்னு ஆரம்பிச்சான். என்ன பெரிய நேரம்? மெஷினு ஓடியா போகுது? ‘உசுரை விடவா நேரம் பெருசு’ன்னு கேட்டேன். எந்திரிச்சு மாடிக்குப் போயிட்டான். கேள்வி அப்படி.

அவன் கூட்டாளி ஒருத்தன் இருக்கான், பைக் மெக்கானிக்கு. அவன் சகவாசம்னு நெனைச்சேன். பொறவு காரு மேலயே சந்தேகம் வந்துட்டு. கரட்டு மேல இருக்க காளி கோயில்ல எலுமிச்சம்பழம் மந்திரிச்சு நாலு சக்கரத்துலயும் வச்சேன். சர்வீஸ் பண்ணுத எடத்துல போய், ‘தம்பி, இந்த மிதிக்கிற கட்டை தானா அமுங்குதான்னு பாருங்க’ன்னு கேட்டேன். அவன் என்னையப் பாத்த பார்வை இருக்கே. ஏன் கேட்டேன்னு சொல்லுதேன் கேளு.

தை மாசம் எனக்குக் கண்ணு ஆப்பரேஷனுக்குத் தேதி வாங்க மதுரைக்குப் போணும். ‘எங்கூட வாம்மா’ன்னான். ரெண்டு வருஷத்துல அன்னைக்குத்தான் அந்த ரோட்டுல மொத தடவ நான் அவன்கூடப் போறேன். முன்னாடி சீட்டுல பெல்ட்டைப் போட்டு இறுக்கி உக்கார வச்சுட்டான். கயத்தாறு தாண்டுத வரைக்கும் நல்லாத்தான் போனான். இந்த டோலைத் தாண்டுன உடனே என்ன ஆச்சுன்னு தெரியல, அந்த முகமே மாறிப் போச்சு தாயி. கண்ணு ரோட்டைப் பாக்கும், மணியப் பாக்கும், ரோட்டைப் பாக்கும், மணியப் பாக்கும். முள்ளு நூத்திப் பத்து, நூத்தி இருவது. மரம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஓடுது. முன்னால போற காரு பின்பக்கத்துல எழுதியிருக்கத நான் படிச்சிருவேன், அவ்வளவு கிட்டக்க. ‘ஐயா, மெதுவா’ன்னேன். ‘பழகிருச்சும்மா. இந்த டோல் தாண்டுனா கால் தானா அமுக்குது’ன்னான். அவன் வாயாலயே சொன்னான்! அதுனாலதான் அந்தக் கட்டையப் பாக்கச் சொன்னேன்.

நான்தான் கோவில்பட்டியில ஒரு காப்பி குடிப்போம்னு நிப்பாட்டச் சொன்னேன். பத்து நிமிஷம் ஆச்சு. திரும்பக் கெளம்புன பொறவு அவன் ஓட்டுனதச் சொல்ல எனக்கு வாய் வராது. நான் கண்ண மூடிக்கிட்டு கந்தசஷ்டி கவசம் சொல்லுதேன், பாதியிலயே மறந்து போச்சு. இத்தனைக்கும் எனக்குச் சேதி வர வேண்டியது இல்லையே அன்னைக்கு, நான்தான் பக்கத்துலயே உக்காந்திருக்கேனே! பொறவு எதுக்கு இந்தப் பறப்பு? அதான் சொல்லுதேன், அவன் வேகத்துக்கு அடிமை.

சாத்தூருக்கு முன்னால ஒரு எடம். நடுவுல அரளிச் செடி இருக்கும்லா, அத ஒட்டுன தடத்துல போறான். எதுத்தாப்புல, அதே தடத்துல, ஒருத்தன் டிவிஎஸ் அம்பதுல பின்னால புல்லுக்கட்டக் கட்டிக்கிட்டு வாறான். எதுத்தாப்புல தாயி! சுத்திப் போகச் சோம்பேறித்தனப்பட்டு அந்தப் பக்கம் போக வேண்டியவன் இந்தப் பக்கம் வாறான். புல்லுக்கட்டுதான் தெரியுது, ஆளே தெரியல. ஜெயகணேஷ் ஒடிச்சான். காரு அப்படியே சாஞ்சுது. இடது பக்கம் லாரி, அதோட சக்கரம் என் கண்ணாடிக்குப் பக்கத்துல, என் உசரத்துக்குச் சுத்துது. அந்தக் கேட்டுல கேட்ட சத்தம் வரப்போகுது, வரப்போகுதுன்னு காதைப் பொத்திக்கிட்டேன்.

வரல. லாரி தாண்டிப் போச்சு, வண்டி ஓரத்துல மண்ணுக்குள்ள போய் நின்னுருச்சு. புழுதி அடங்குன பொறவு பாத்தா, அந்த டிவிஎஸ்காரன் வண்டியோட சாஞ்சு கெடந்து, எந்திரிச்சு, புல்லுக்கட்டைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, திரும்பவும் எதுத்தாப்புலயே போறான்! எம் புள்ள ஸ்டியரிங்குல தலைய வச்சுக் கெடக்கான். முதுகு குலுங்குது. இருவத்தொம்பது வயசுப் பய, மூணு வயசுல அழுத மாதிரி அழுதான் தாயி. ‘முடியலம்மா, முடியல’ன்னான். என்ன முடியலய்யான்னு கேட்டேன். நான் தண்ணி குடுத்தேன். அப்பமும் பாரு, அந்த சுபா, என் மருமக, அவ ஒரு போன் பண்ணல. புருஷன் எங்க இருக்கான், உசுரோட இருக்கானான்னு அவளுக்கு ஒரு துடிப்பு வேண்டாமா? கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகுது, ஓட்டும்போது அவனுக்கு ஒரு தடவகூட அவ போன் பண்ணி நான் பாத்தது இல்ல. கேட்டா, ‘வண்டிய நிப்பாட்டுனா அவங்களே பண்ணுவாங்க அத்தை’ங்கா. நிப்பாட்டுனா! நிப்பாட்டலேன்னா? கல்லு நெஞ்சு.

என்ன சத்தம் அது? ஆம்புலன்ஸா? எங்க இருந்து வருது? அந்தப் பக்கம் போகுதா? தச்சநல்லூர்ப் பக்கம்தான போகுது? அவன் வாற வழிதான அது! ஏ தாயி, அந்த யூனிபாரம் பையன்கிட்டக் கேளேன், எங்க ஆக்சிடெண்டுன்னு. கங்கைகொண்டான் பக்கமா? கேளு, கேளு, நான் அதுக்குள்ள இன்னொரு தடவ போன் போடுதேன்.

...தெரியாதுங்கானா? காலியா ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போற வண்டியா இருக்கும்னு சொன்னானா? சைரன் போட்டுக்கிட்டு எவன் காலியாப் போவான்? நீ என் மனசு ஆறட்டும்னு சொல்லுத. இரு, போடுதேன். அடிக்கி. அடிக்கி. எடுக்க மாட்டேங்கான். பதினோராவது தடவ. தண்ணி இருந்தா ஒரு மடக்கு குடு.

அன்னைக்கு மதுரையில இருந்து திரும்பி வந்தமா, சுபாகிட்ட அவன் எல்லாத்தையும் சொல்லியிருக்கான். ராவெல்லாம் ரூம்புல பேச்சுச் சத்தம். காலையில அவ எங்கிட்ட வந்து உக்காந்தா. கையப் புடிச்சுக்கிட்டா. ‘அத்தை, அவரு உங்க டைமுக்குப் போய்ச் சேரணும்னுதான் அத்தை அப்படி ஓட்டுதாரு. கயத்தாறு தாண்டுனதும் நெஞ்சு படபடன்னு அடிக்குதாம். ஒரு நிமிஷம் லேட் ஆனா உங்க போன் வந்துருமேன்னு பயமாம். போன் வந்தா ஒரு கையில ஓட்டணும். அதவிட வேகமாப் போய்ச் சேந்துரலாம்னு தோணுதாம்.’ நான் கையை உருவிக்கிட்டேன். எப்படிப் பேசுதா பாத்தியா! பெத்தவ பயப்படுததுதான் இப்பம் தப்பாப் போச்சு. வேகமாப் போன்னு நான் சொன்னனா? என் வாயில இருந்து ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அந்த வார்த்தை வந்திருக்குமா? மெதுவாப் போ, மெதுவாப் போன்னுதான எந்த போன்லயும் சொல்லுதேன்?

எங்க வீட்டுக்காரராவது எனக்காகப் பேசுவாவன்னு பாத்தேன். அவிய பேப்பரை மடிச்சு வச்சுட்டு, ‘ஏளா, ஸ்டேஷனும் ஸ்டேஷனும்தான் பேசிக்கிடும். ஓடுத இஞ்சின்ல இருக்கவனுக்கு எவனாவது போன் போட்டிருக்கானா’ன்னு கேக்காவ. ரிட்டயர் ஆன பொறவு அவியளுக்கு எம்மேல ஒரு எளக்காரம். இஞ்சின் டிரைவருக்கு கவர்மெண்டு இருக்கு, எம் புள்ளைக்கு நான்தான இருக்கேன்?

அந்த வாரமே சுபா வேலையக் காட்டிட்டா. ஃபாஸ்டேக்குல என் நம்பரை எடுத்துட்டு அவ நம்பரை மாத்திட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. திங்கக்கெழம நான் அடுப்படியில போனைக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன், எட்டு அம்பத்தஞ்சு ஆச்சு, டிங்கு வரல. ஒம்பது ஆச்சு. ஒம்பதேகால் ஆச்சு. நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். அவ ஸ்கூலுக்குக் கெளம்பிக்கிட்டு இருக்கா, அவ போன் டிங்குங்கு, எடுத்துப் பாத்துட்டுப் பையில போட்டுக்கிட்டுப் போறா. மணிகூடப் பாக்கல தாயி. இத்தனை நிமிஷம் ஆச்சா, இல்லையான்னு ஒரு எண்ணம் இல்ல. அவன்கிட்ட வேற சொல்லி வச்சிருக்கா, ஓட்டும்போது யாரு போனையும் எடுக்காதீங்கன்னு. யாரு போனையும்னா? எம் போனைத்தான்.

அதான் நான் இங்க வாறேன். எனக்கு வேற என்ன வழி? அவன் போறதுக்கு அரை மணி முன்னால பஸ் ஏறி, இங்க எறங்கி, முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு உன் குடைக்குப் பின்னால நிக்கேன். அவன் என்னையப் பாத்ததில்ல. வண்டி வாற தினுசுலயே எனக்குத் தெரிஞ்சுரும். மூணு வாரமும் அவன் கொஞ்சம் நிதானமாத்தான் வந்தான், அது உண்ம. ஜன்னலைத் தொறந்து விட்டுட்டு, கையை வெளிய வச்சுக்கிட்டு, ஒரு தடவ பாட்டுகூடக் கேட்டுக்கிட்டு வந்தான். நிதானமா வாறது சந்தோசம்தான். ஆனா அப்படி நிதானமா வந்தா நேரம் ஆகுதே, அந்த நேரத்துல நான் இங்க என்ன பாடு படுதேன்னு அவனுக்கு யாரு சொல்லுவா?

ஒம்பது இருவத்தேழு. எனக்கு அந்த டிவிஎஸ்காரன்தான் கண்ணுக்குள்ள வாறான். எல்லா ஊர்லயும் ஒரு டிவிஎஸ்காரன் இருப்பான்லா. தாழையூத்துப் பாலத்துக்குப் பக்கத்துல லாரிய நிப்பாட்டிட்டு டீ குடிக்கப் போவானுவ, பின்னால ஒரு செடிக்கொப்பை ஒடிச்சு வச்சுட்டு. நூறுல வாறவனுக்குக் கொப்பு எப்படித் தெரியும்? நாயி வரும். எருமை வரும். எம் புள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா அந்த போனை யாரு எடுப்பா? எவனாவது ஒரு போலீஸ்காரன் எடுத்து, ‘இந்த போன்காரருக்கு நீங்க யாருமா’ன்னு கேப்பான். ஒவ்வொரு தடவ மணி அடிக்கும்போதும் அந்தக் குரல் வந்துருமோன்னு இருக்கு. ஆனா போடாம இருக்க முடியலையே. கை தானாப் போகுது தாயி. சத்தியமாச் சொல்லுதேன், கை தானாப் போகுது.

அன்னா! அன்னா பாரு, சாம்பல் கலரு! மூணாவது வரிசையில, அந்த தக்காளி வேனுக்குப் பின்னால! அவன்தான்! அவன்தான் தாயி! முருகா, முருகா, என் அப்பனே. பாரு, சுகமா உக்காந்திருக்கான். கண்ணாடியத் தொறந்து விட்டிருக்கான். ஏதோ வாயில போட்டு மென்னுக்கிட்டு இருக்கான், கடலையாத்தான் இருக்கும். எப்படி அமைதியா இருக்கு பாரு அந்த முகம். எம் புள்ள முகத்த இப்படி நான் பாத்து எத்தனை நாளாச்சு!

ஏன் கையைப் புடிக்க? விடு. ஒரே ஒரு தடவ. இப்பம் நிக்கத்தான செய்யுது வண்டி, அதான் சுபா சட்டம், நின்னா பேசலாம்லா. ஏன் லேட்டுன்னு மட்டும் கேட்டுக்கிடுதேன், இல்லேன்னா எனக்கு அடங்காது. விடு தாயி.

அடிக்கி. பாக்கான், பாக்கான், போனைப் பாக்கான். எடுத்துட்டான்!

ஐயா, எங்கய்யா இருக்க? உசுரே போச்சுய்யா எனக்கு. ... என்னது? டயருக்குக் காத்து அடிச்சியா? ... எம்பதுலயே வந்தியா? நல்லதுய்யா, நல்லது. பதினொரு தடவ போட்டேனே, பாக்கலயா? ... அழல. நான் அழல. கோவப்படாதன்னு சொல்லுதியா? எனக்கு என்ன கோவம், பயம்தான். ... இல்ல, நேரத்தப் புடிக்க வேண்டாம், அவசரமே இல்ல. ... கேட்டு தொறந்துட்டா?

தாயி, பாரு, பாரு, எப்படிக் கெளப்புதான் பாரு! போனைக் காதுல வச்சுக்கிட்டே போறான். அந்த வேனுக்கு இடது பக்கமாப் போறான்! நான் என்ன சொன்னேன் உங்கிட்ட? யாரு சொன்னாலும் கேக்க மாட்டான், இதான் அவன்கிட்ட உள்ள கொறை. ஏன் என்னைய அப்படிப் பாக்க? நீயும் அவ மாதிரியே பாக்க.

ஐயா, ஜெயகணேஷ், கேக்குதா? காத்துச் சத்தமா வருதுய்யா. மெதுவாப் போன்னு சொல்லுதேன். கேக்கலையா? மெதுவா! ... வைக்காத. வைக்காதய்யா. சாத்தூர் டோல் வாற வரைக்கும் பேசிக்கிட்டே போ. அம்மாவுக்குப் பயமா இருக்கு.